அதிபர்களின் சுமையை யார் கேட்பது?



பாடசாலை அதிபரின் அறைக்கு வெளியே காத்திருந்த அனுபவம் உங்களில் அநேகமானோருக்கு இருக்கும். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம். சிலரிடம் விடுகைப் பத்திரம் இருக்காது. அதைத் தரவேண்டிய பாடசாலையே செல்லடியில் அழிந்திருக்கும். உள்ளே கூப்பிட்டால் எதிலிருந்து தொடங்குவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று மனத்துக்குள் சொல்லிப் பார்த்தபடி வாங்கில் உட்கார்ந்திருப்போம்.

எனது அம்மாவும் அப்படி உட்கார்ந்திருந்தவர்தான். 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் வெளிக்கிட்டோம். கிளிநொச்சி, வவுனியா என்று அலைந்து, பாஸ் எடுத்து, அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் தங்கினோம். அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கினார். ஓர் அதிபர் நிமிர்ந்தும் பார்க்காமல் "இடமில்லை" என்றார். இன்னோர் அதிபர், "முதல்ல இருங்கோ அம்மா" என்று கதிரையைக் காட்டினார். பத்திரங்களைப் பிறகுதான் கேட்டார். எங்களைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். ஏறக்குறைய முப்பது வருடங்களாகியும் அம்மா இந்த இரண்டு பேரையும் மறக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அண்மையில் எமது நிறுவனத்தில் எனக்கு ஒரு வேலை தரப்பட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள சில தமிழ்மொழிப் பாடசாலைகளின் அதிபர்களைச் சந்தித்து, அவர்களது வேலைச்சுமை, உடல் உள நலம், தலைமைப் பொறுப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் ஆதரவு ஆகியவை பற்றிக் கலந்தாலோசிக்க வேண்டும். நாம் பாடசாலையில் சேர்த்துவிடும் பிள்ளைகள் அங்கே நிலைத்து நிற்பதும் இடைவிலகிப் போவதும் பெரும்பாலும் அதிபரைப் பொறுத்தே இருக்கிறது என்பதைப் பல வருடங்களாகக் கண்டு வந்ததால் எடுத்த முடிவு அது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை. கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் தாய்மார் என்று எத்தனையோ பேர் எமது வாசலில் நிற்கும்போது, மின்விசிறிக்குக் கீழே மேசை போட்டு இருப்பவர்களின் நலத்தை ஏன் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பிழை என்பதை உணர எனக்குச் சில கிழமைகள் எடுத்தன.

ஆறு அதிபர்களைச் சந்தித்தேன். நான்கு பேர் பெண்கள், இரண்டு பேர் ஆண்கள். பெயரையும் பாடசாலையையும் எங்கும் எழுதுவதில்லை என்று உறுதி கொடுத்த பிறகே அவர்கள் மனம் விட்டுக் கதைத்தார்கள். எல்லோரிடமும் மூன்று கேள்விகளையே கேட்டேன்.

உங்கள் நாள் எதில் போகிறது?

வெள்ளவத்தையில் நான் சந்தித்த முதலாவது அதிபர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர். கேள்வியைக் கேட்டதும் சிரித்தார்.

"இதைக் கேட்கவும் ஆக்கள் வருகினமோ பிள்ளை? காலமை ஆறே முக்காலுக்கு நான் கேற்றடியில நிற்பன். அண்டைக்கு வராத ரீச்சர்மாரின்ர வகுப்புகளுக்கு ஆள் பிடிக்க வேணும். அதுக்குள்ள பைப்பில தண்ணி வரேல்லை எண்டு ஒராள் வரும். ஒரு தாய் அழுதுகொண்டு வருவா. பதினொரு மணிக்கு முதல் ஒரு விபரம் வேணும் எண்டு மேலிடத்தில இருந்து ஃபோன் வரும். போன மாசமும் அதே விபரத்தைத்தான் குடுத்தனாங்கள். நான் ஒரு வகுப்புக்குள்ள போய்ப் பிள்ளையள் என்ன படிக்குதுகள் எண்டு பார்த்து மூண்டு கிழமை."

மற்றவர்கள் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். சிங்களத்தில் மட்டும் வரும் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மகனின் உதவியுடன் வாசிப்பதாக ஒருவர் சொன்னார். கொரோனா காலத்தில் தொடங்கிய வாட்ஸ்அப் குழுக்கள் இன்றும் இரவு பத்து மணிக்கு மணியடிக்கின்றன என்றார் இன்னொருவர்.

இது இலங்கையில் மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. கல்வியில் தலைமைத்துவம் பற்றி யுனெஸ்கோ 2024 இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, நடுத்தர வருமானமுள்ள 14 நாடுகளின் அதிபர்களிடம் கேட்டறிந்த ஒரு விபரத்தைக் குறிப்பிடுகிறது. அவர்களது நேரத்தில் 68 சதவீதம் அன்றாட நிர்வாக வேலைகளிலேயே கழிகிறதாம். கற்பித்தலுக்கும் பிள்ளைகளுக்கும் மிஞ்சுவது மூன்றிலொரு பங்குகூட இல்லை.

முதலாம் தர அனுமதிக் காலம் வந்தால் அதுவும் இல்லை. வதிவிடம், பழைய மாணவர் தொடர்பு, அப்பாடசாலையில் படிக்கும் சகோதரர் என்று புள்ளியிட்டுப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய வேண்டும். நேர்முகத் தேர்வின் பொறுப்பு அதிபரின் தலையில். எமது பெண்கள் தோற்றுப் போவதும் இந்த இடத்தில்தான். வாடகை அறையில் இருப்பவளிடம் உறுதி ஏது? வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் இன்னும் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இருக்கும். "சட்டப்படி புள்ளி போட்டால் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை, மனச்சாட்சிப்படி போட்டால் எனக்கு இடமில்லை" என்றார் ஓர் அதிபர். மேன்முறையீட்டுச் சபை என்று ஒன்று இருப்பதை அவர் அத்தகைய தாய்மாருக்குத் தாமே எடுத்துச் சொல்லி அனுப்புவாராம்.

இரவில் தூக்கம் வருகிறதா?

கொட்டாஞ்சேனைக்குப் புறக்கோட்டையில் பஸ் மாறிப் போனேன். ஜம்பட்டா வீதியால் நடந்து போகும்போது கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் ஒருமுறை பார்க்காமல் போக முடிவதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அன்று அங்கே குண்டு வெடித்தது.

அப்பகுதியில் நான் சந்தித்தவர் "கடமை நிறைவேற்றும்" அதிபர். அதாவது, இலங்கை அதிபர் சேவையில் தரம் பெற்றவர் வரும்வரை அப்பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர். "நேத்து வரைக்கும் எங்கூட ஒன்னா டீ குடிச்சவங்க. இன்னைக்கு அவங்க லீவு ஃபோர்ம்ல நான் கையெழுத்துப் போடணும். போடலன்னா கோவம். சம்பளம் மட்டும் பழைய சம்பளந்தான்" என்றார்.

பின்னர் தாமாகவே 2019 ஐப் பற்றிச் சொன்னார். அந்தக் கிழமையில் மூன்று சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறார். இரண்டாம் தவணை பிந்தி, மே 6 ஆந் திகதி 6 ஆந் தரத்துக்கு மேற்பட்ட வகுப்புகளுக்கும், மே 13 இல் சிறுவர்களுக்கும் தொடங்கியது. "பெற்றோரோட சேர்ந்து வாசல்ல நின்னு ஒவ்வொரு பிள்ளையோட பேக்கையும் செக் பண்ணினோம். சிரிச்சிக்கிட்டே நின்னேன் மிஸ். நான் பயந்தா பிள்ளைங்க பயந்துடும். வீட்டுக்குப் போனப்புறம் ஒரு மணித்தியாலம் கை நடுங்கும். பிள்ளைங்களுக்குக் கவுன்சிலிங் குடுக்க ஆள் வந்தாங்க. நல்ல விஷயம். எங்களை யாரும் கேக்கல."

ஆர்லி ஹொக்‌ஷில்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983 இல் ஒரு நூல் எழுதினார். உள்ளே என்ன இருந்தாலும் முகத்தில் சிரிப்பைக் காட்டுவதும் ஓர் உழைப்பு என்றும், அதுவும் மனிதரைக் களைப்படைய வைக்கும் என்றும் அவர் சொன்னார். பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக அதைப் படித்தேன். கொட்டாஞ்சேனையில்தான் எனக்கு அது விளங்கியது.

1983 என்றால் எமக்கு வேறொன்றுதான் நினைவுக்கு வரும். அந்த யூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாக மாறியது. அதற்குப் பின் வந்த காலம் முழுவதும் ஓடிய போதெல்லாம் நாம் முதலில் ஒதுங்கிய இடம் கோயில், தேவாலயம், அல்லது பாடசாலை. வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்தோம். அந்த வகுப்பறைகளின் திறப்பு யார் கையில் இருந்தது? முகாமை நடத்து என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்காத ஓர் அதிபரின் கையில். அவரும் பல வேளைகளில் இடம்பெயர்ந்தவராகவே இருந்தார்.

வெள்ளவத்தை அதிபரை இரண்டாம் முறை சந்தித்தபோது அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை, அவரது அனுமதியுடன் எழுதுகிறேன்.

"என்ர தம்பியும் 2009 மேயில காணாமல் போனவன்தான். இஞ்ச ஒருத்தருக்கும் தெரியாது. தம்பியைத் தேடுற அக்கா எண்டு தெரிஞ்சால் என்னை வேறமாதிரிப் பார்ப்பினம். தகப்பன் காணாமல் போன பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்து அழேக்கை நான் சில நேரம் கடுமையாக் கதைச்சுப்போடுவன். இரக்கம் இல்லாமல் இல்லை பிள்ளை. அவவோட சேர்ந்து நானும் அழத் தொடங்கினால் பிறகு ஆர் இந்தப் பள்ளிக்கூடத்தை நடத்துறது?"

என்னால் உடனே எதையும் கேட்க முடியவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் துயரமே அந்தப் பக்கத்திலும் இருக்கக்கூடும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

உதவி தேவைப்பட்டால் யாரிடம் போவீர்கள்?

இக்கேள்விக்கு ஒருவர் "கடவுளிட்ட" என்றார். ஒருவர் தமது ஓய்வுபெற்ற பழைய அதிபரைத் தொலைபேசியில் அழைப்பாராம். மற்ற நால்வரும் ஒருவரையும் சொல்லவில்லை.

2021 யூலை 12 இல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த போராட்டம் அது. சம்பளத்தைப் பற்றி அப்போது நாடு முழுவதும் பேசியது. அது பேசப்பட வேண்டியதே. ஆனால், 2022 இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போன போதும், வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த போதும், அந்தப் பிள்ளையைத் தூக்கியவரின் மனம் என்ன பாடுபட்டது என்று யார் கேட்டார்கள்? தமது சம்பளத்தில் பிஸ்கட் வாங்கி அலுமாரியில் வைத்ததாக ஓர் அதிபர் சொன்னார். அந்த அலுமாரி இன்றும் வெறுமையாக இருப்பதில்லை.

அவுஸ்திரேலியாவில் 2011 முதல் ஒவ்வொரு வருடமும் அதிபர்களிடம் அவர்களது வேலை நேரம், தூக்கம், மன உளைச்சல், அவர்கள் முகங்கொடுக்கும் வன்முறை ஆகியவை பற்றிக் கேட்கிறார்கள். பதிலளிக்கும் ஒவ்வொருவருக்கும் அவரது நிலை பற்றிய அறிக்கை தனிப்பட்ட முறையில் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. கேட்பதோடு நிற்காமல், கேட்டதற்கு ஏதாவது திருப்பித் தருகிறார்கள் என்பதே இதில் எனக்குப் பிடித்தது.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் அதிபராக இருந்தவர் ரூத் பெரி. 2022 நவம்பரில் அவரது பாடசாலையில் அரசாங்கப் பரிசோதனை நடந்தது. அதன் பின் கடும் மன உளைச்சலுக்கு உள்ளான அவர், 2023 ஜனவரியில் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். அப்பரிசோதனையும் அவரது மரணத்துக்கு ஒரு காரணம் என்று அதே வருடம் டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். ஒரு பாடசாலையை ஒற்றைச் சொல்லால் தரம் பிரிக்கும் முறை 2024 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. ஓர் உயிர் போனபின் வந்த மாற்றம் அது.

இங்கே அதிபர்களுக்குப் பயிற்சிகள் இல்லாமல் இல்லை. கல்வித் தலைமைத்துவத்துக்கென மீப்பேயில் ஒரு நிலையமே இருக்கிறது. பயிற்சி முடிந்து வந்த பின்னர் கூட நடந்துவர ஓர் ஆள் வேண்டும் என்பதே இவர்களது கோரிக்கை. புதிதாகப் பொறுப்பேற்கும் அதிபருக்கு முதல் வருடத்திலாவது அனுபவமுள்ள ஒருவர் துணையாக இருக்க வேண்டும். படிவங்களைப் பார்க்க ஒரு எழுதுவினைஞர் வேண்டும். பாடசாலையில் முறையான பயிற்சி பெற்ற ஓர் உளவளத்துணையாளர் வேண்டும். அதிகாரிகள் இல்லாமல், அதிபர்கள் மட்டும் மாதம் ஒருமுறை கூடிக் கதைக்க ஓர் இடம் வேண்டும். ஆறு பேரும் தனித்தனியாகச் சொன்னவை இவை. யாரும் மாளிகை கேட்கவில்லை.

இலங்கையின் ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். ஆனால் அதிபர் கதிரையில் அந்த அளவுக்குப் பெண்கள் இல்லை. வந்து உட்காருபவர்களும் வீட்டில் உலை வைத்துவிட்டே வருகிறார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

சகோதரிகளே, அதிபர்களுக்காக இரக்கப்படுங்கள் என்று மட்டும் சொல்லி முடிக்க நான் விரும்பவில்லை. சுமை இருக்கிறது என்பது பிழைகளுக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. பிள்ளையை அவமானப்படுத்தினாலோ, அனுமதிக்குப் பணம் கேட்டாலோ, அது பிழைதான். எழுத்தில் முறையிடுங்கள். பணம் கொடுக்க நேர்ந்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

உரிமையையும் தெரிந்து வைத்திருங்கள். 1997 இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்ட கல்வி, 2016 இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. பத்திரம் தொலைந்ததால் பிள்ளையின் படிப்பு நிற்கத் தேவையில்லை. பிறப்புப் பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறலாம். அதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

அதிபரைச் சந்திக்கப் போகும்போது, முடிந்தால் முதல்நாள் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறிய வேண்டியதை ஒரு தாளில் பத்து வரிகளில் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர்கள் எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம். ஒரே கதையை ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவருக்கும் அழுது சொல்லும் வேதனை உங்களுக்கும் குறையும், கேட்பவருக்கும் குறையும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களுக்குப் போங்கள். "எங்களுக்கு அங்கே என்ன கதை" என்று பின்வாங்காதீர்கள். அதிபருக்கு ஓர் எழுதுவினைஞர் வேண்டும், பிள்ளைகளுக்கு ஓர் உளவளத்துணையாளர் வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் அந்தக் குரலுக்குப் பெலன் அதிகம்.

மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை யாரும் அழைக்கலாம். தாய்மாரும் அழைக்கலாம், அதிபர்களும் அழைக்கலாம்.

எமது பங்குக்கு ஒரு சிறு தொடக்கம் செய்திருக்கிறோம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் ஓர் அறையில் அதிபர்கள் கூடுகிறார்கள். படம் எடுப்பதில்லை, அறிக்கை எழுதுவதில்லை, தேத்தண்ணி மட்டும் உண்டு. முதல் மாதம் நான்கு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஒன்பது பேர். வெள்ளவத்தை அதிபர் தமது தம்பியின் பெயரை அங்கேதான் முதன்முதலில் சத்தமாகச் சொன்னார். போன மாதம் அவரது அறைக்குப் போனேன். மேசைக்கு முன்னால் முன்பு இல்லாத இரண்டு கதிரைகள் இருந்தன.

இதையெல்லாம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். 1996 இல் நிமிர்ந்து பார்க்காமல் "இடமில்லை" என்றவரை நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப அந்த மனுசனையும் ஒருத்தரும் எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டிருக்க மாட்டினம் போல" என்றார். பிறகு, "எண்டாலும் ஒருக்கா நிமிர்ந்து பார்த்திருக்கலாம்" என்றார்.

இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த முறை அதிபரின் அறைக்குப் போகும்போது, உங்கள் பத்திரங்களைக் கொடுப்பதற்கு முன் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.